நடுவில் சேரும் பிள்ளைகள்

பங்கு இல்லத்துத் திண்ணையில் ஆண்டுதோறும் வைகாசி தொடங்கி ஆவணி வரை ஒரு கூட்டம் காத்திருக்கும். கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி வருவோர் சிலர். ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் கேட்டு வருவோர் சிலர். கட்டணத்துக்கு வழி தேடி வருவோர் பலர். கடிதத்தைக் கையில் கொடுத்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, "நன்றாகப் படி தம்பி" என்று சொல்லி அனுப்புவது நம் வழக்கம். அதனோடு நம் கடமை முடிந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். முடியவில்லை என்பதை ஒரு தச்சரின் மகன் நமக்குக் கற்பித்தான்.

அவன் பத்தாம் வகுப்பு முடித்து, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பை மூன்றாண்டு கற்று, நல்ல மதிப்பெண் பெற்றவன். பின்னர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் இடம் பெற்றான். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை அவனே. தாய் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். நாமும் கடிதம் எழுதினோம், ஆசீர்வதித்தோம், "நன்றாகப் படி" என்றோம்.

மறு ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், அத்தாய் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். "சாமி, இங்கிலீசுல இருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தோம். முதற் பருவத்தில் நான்கு பாடங்களில் அவன் தேறவில்லை என்றும், நடப்புப் பருவத்தில் வருகைப் பதிவு மிகவும் குறைந்துவிட்டது என்றும் கல்லூரி எழுதியிருந்தது. வீட்டுக்கோ அவன் நாள்தோறும், "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்லி வந்திருக்கிறான். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அக்கடிதத்தைத் தமிழில் சொல்வது நமக்கு எளிதாக இல்லை.

திங்கட்கிழமை பேருந்து ஏறி அந்நகருக்குச் சென்றோம். அவன் இருந்த இடம் கல்லூரியன்று. பேருந்து நிலையத்தின் பின்புறம் ஒரு லேத் பட்டறை. எண்ணெய்க் கறை படிந்த கையோடு வெளியே வந்தான். பட்டறைக்காரர், "இவனைப் போல் கைச்சுத்தமாக வேலை செய்பவன் இல்லை" என்று நம்மிடம் புகழ்ந்தார். நம்மைக் கண்டதும் அவன் அழுதுவிட்டான்.

தேநீர்க் கடையில் அமர்ந்து மெல்லக் கேட்டபோது சொன்னான்: "முதல் நாள் கணக்கு வகுப்பு, சாமி. சார் பலகையில் ஒன்றை எழுதி, 'இது போன வருடமே பார்த்ததுதானே' என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்." அன்று ஆட்டத் தொடங்கிய தலையை அவனால் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு மாதம் சென்றது. இனிக் கேட்டால் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பார்களே என்ற அச்சம் வந்தது. தேர்வு வந்தது. தோல்வி வந்தது. தனக்கு நன்கு தெரிந்த வேலையைத் தேடிப் பட்டறைக்குப் போனான்.

அவன் பேசப் பேச நம் பழைய நாள் ஒன்று நினைவில் எழுந்தது. குருமடத்தில் தத்துவ இயல் கற்று முடித்த பின், அந்நாளைய ஆயர் நம்மைக் கல்லூரியில் பொருளியல் பயில அனுப்பினார். குருமடத்தில் கற்றவை பல்கலைக்கழகக் கணக்கில் எடுபடவில்லை. முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அனுமதியும் தாமதமாகி, வகுப்புகள் தொடங்கி ஏழெட்டு வாரம் ஆன பின்னரே சேர்ந்தோம். உடன் பயின்றோர் நம்மினும் இளையர். அரிஸ்டாட்டிலைக் கற்ற நாம், பதினெட்டு வயதுச் சிறுவனிடம் போய்ப் புள்ளியியல் குறிப்பேட்டைக் கடன் கேட்பதா என்று ஓர் எண்ணம். ஆசிரியர் "புரிகிறதா?" என்று கேட்கும்போதெல்லாம் பெருமிதத்தோடு தலையசைத்தோம். முதல் தேர்வில் 50க்கு 11 பெற்றோம். பேராசிரியர் தனியே அழைத்து, "புரிகிறதா என்று கேட்டால், எது புரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஒரு சொல் நம்மைக் காத்தது. தச்சரின் மகனுக்கு அதைச் சொல்வார் ஒருவரும் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய நாமோ கடிதம் எழுதியதோடு நின்றுவிட்டோம்.

அவனை வெட்கம் தலையாட்ட வைத்தது. நம்மை அகந்தை தலையாட்ட வைத்தது. விளைவு ஒன்றே. ஆகவே, நடுவில் சேரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்பும் அறிவுரையின் சாரம் இதுதான்: தெரியாததற்குத் தலையாட்டாதே. முதல் இரண்டு வாரத்துக்குள் கேட்டுவிடு. முதல் இரண்டு வாரத்தில் புதியவன் எதைக் கேட்டாலும் எவரும் வியப்பதில்லை. இரண்டு மாதம் கழிந்த பின்னர் அதே கேள்விக்கு மிகுந்த துணிவு வேண்டும்.

பெற்றோர் பலர் இச்சேர்க்கையின் இயல்பை அறியாதிருப்பதால் அதனைச் சிறிது விளக்குவோம். பட்டயப் படிப்பு முடித்தோரும், கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்டு அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோரும் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிக் கலந்தாய்வு உண்டு. காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி அதனைப் பல ஆண்டுகள் நடத்தியுள்ளது. ஏனையோர் எட்டுப் பருவம் கற்பதை இவர்கள் மூன்றாம் பருவத்தில் தொடங்கி ஆறு பருவத்தில் முடிப்பர். இதனைக் குறுக்குவழி என இகழ்வோர் உளர். அது தவறு. தொழிற்கல்வி கற்ற ஏழைப் பிள்ளைகளுக்கெனத் திறந்து வைக்கப்பட்ட நேர்வழியே இது. ஆயினும் அவ்வழியில் ஒரு பள்ளம் உண்டு. அதை முன்கூட்டியே காட்டிவிடுவது பெரியோர் கடமை.

அப்பள்ளம் கணிதமே. பாலிடெக்னிக்கில் கணிதப் பாடம் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டாண்டுகள் மாணவன் பட்டறையிலும் வரைபடத்திலும் தேர்ச்சி பெறுகிறானே யன்றி, வகையீட்டையும் தொகையீட்டையும் தொடுவதில்லை. அவனோடு அமரும் மற்ற மாணவரோ, மேல்நிலைப் பள்ளியில் இரண்டாண்டும் கல்லூரியில் ஓராண்டும் கணிதம் பயின்றே வந்திருப்பர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி, இயந்திரவியல் மாணவர் மூன்றாம் பருவத்தில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும், ஃபூரியர் தொடர் முதலியவற்றையும் கற்க வேண்டும். ஃபூரியர் தொடரின் கெழுக்களைக் காண்பதற்குப் பகுதித் தொகையிடல் கைவந்திருத்தல் வேண்டும். அது கைவராதவனுக்குப் பாடம் முழுதும் இருட்டே. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று; இரண்டாண்டு இடைவெளியே காரணம்.

இனி, சேரும் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, இடம் உறுதியான நாளுக்கும் வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை வீணாக்காதே. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்களைக் கடன் வாங்கி, வகையீடு, தொகையீடு ஆகிய இரு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். அந்நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. முதலில் தமிழில் விளங்கிக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, சான்றிதழ்களைச் செம்மையாக வைத்துக்கொள். மாற்றுச் சான்றிதழ், பருவந்தோறும் பெற்ற மதிப்பெண் பட்டியல்கள், பட்டயச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலங்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன்னர், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள். ஒப்படைத்தமைக்கு எழுத்தில் ஒப்புச்சீட்டு வாங்கு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வருவாய்த் துறையினரிடம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். இச்சலுகையும் பிற உதவித்தொகைகளும் உனக்கு உண்டா என்பதைச் சங்கிலியை அடகு வைக்கும் முன்னரே கேட்டறிந்துகொள், வைத்த பின்னரன்று.

மூன்றாவது, வருகைப் பதிவின் கணக்கை முதல் நாளிலிருந்தே நீயே எழுதி வா. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நூற்றுக்கு 75 வருகை வேண்டும். நோய் முதலிய தக்க காரணம் இருந்து அதற்குச் சான்றும் இருப்பின் 65 வரை தளர்த்துவர். அதற்கும் கீழே சென்றால் அப்பருவத் தேர்வை எழுத இயலாது. மறு ஆண்டு அப்பருவத்தையே மீண்டும் படிக்க நேரிடும். ஒரு பாடத்துக்கு 40 வகுப்பு எனின், 10 வகுப்புக்கு மேல் இழத்தல் ஆகாது. கலந்தாய்வு தாமதமாகி, வகுப்புகள் தொடங்கிய பின் சேர்ந்தாயானால், விடுபட்ட நாட்களை எவ்வாறு கணக்கிடுவர் என்பதைத் துறை அலுவலகத்தில் முதல் நாளிலேயே கேட்டுவிடு.

நான்காவது, அகமதிப்பீட்டை அலட்சியம் செய்யாதே. 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, எழுத்துப் பாடங்களில் 100க்கு 40 மதிப்பெண் பருவத்தின் இடையே நடைபெறும் தேர்வுகளுக்கும் ஒப்படைகளுக்கும் உரியது. 60 மதிப்பெண்ணே இறுதித் தேர்வுக்குரியது. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது வேறுபடலாம். கடைசி மாதம் படித்துத் தேறிவிடலாம் என்னும் பட்டயப் படிப்புக் காலப் பழக்கம் இங்கு உதவாது. மேலும், பிறருக்கு எட்டுப் பருவ மதிப்பெண் உண்டு. உனக்கு ஆறே உள்ளன. ஒரு பருவம் சரிந்தால் அதன் சுமை உனக்கு மிகுதி.

ஐந்தாவது, ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சாதே. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாள்தோறும் விரிவுரையில் வரும் புதிய சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுது. பட்டறையில் நீ பெயர் சொல்லிக் கையாண்ட கருவிகளே அப்பாடநூல்களில் படமாக நிற்கின்றன. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்க நாவெழாவிடில், வகுப்பு முடிந்த பின் ஆசிரியர் அறைக்குச் சென்று தமிழில் கேள். கேள்வி கேட்கும் மாணவனை எம்மொழியிலும் நல்லாசிரியர் வெறுப்பதில்லை.

ஆறாவது, நீ வெறுங்கையோடு செல்லவில்லை என்பதை மறவாதே. உன் வகுப்பில் பலர் லேத்தை அதுவரை தொட்டிருக்கமாட்டார்கள். அளவுகோல் பிடிக்கவும், இயந்திர வரைபடத்தைப் படிக்கவும் அவர்கள் தடுமாறுவர். ஆய்வுக்கூடத்தில் உன் கை பேசும். அருகில் இருப்பவனுக்கு அதைக் கற்றுக்கொடு. அவனிடம் கணிதத்தைக் கற்றுக்கொள். இப்பண்டமாற்றில் இருவருக்கும் ஆதாயம் உண்டு. நட்பும் அதிலேயே பிறக்கும். முதலாண்டிலேயே நண்பர் கூட்டம் அமைந்துவிட்ட வகுப்பில் புதியவனுக்கு இடம் கிடைக்க இதைவிடச் சிறந்த வழியை நாம் அறியோம்.

ஏழாவது, மூன்று மனிதரை முதல் வாரத்திலேயே தேடி அறிந்துகொள். ஒருவர், உனக்கென நியமிக்கப்பட்ட ஆசிரிய ஆலோசகர். மற்றவர், உன்னைப் போலவே சென்ற ஆண்டு நேரடியாகச் சேர்ந்து படித்துவரும் மூத்த மாணவர்; நீ எங்கே இடறுவாய் என்பதை அவரைப் போல் அறிந்தவர் எவரும் இலர். மூன்றாமவர், அலுவலகத்தில் தேர்வு, உதவித்தொகைப் பணிகளைக் கவனிக்கும் எழுத்தர். இம்மூவர் பெயரும் அறியாமல் ஒரு மாதம் கழிப்பவன், கூட்டத்தின் நடுவே தனியனாவான்.

இவ்வளவும் செய்தும் ஒரு பாடத்தில் தவறினால்? மாணவர் வழக்கில் அதனை 'அரியர்' என்பர். அது பழியுமன்று, பாவமுமன்று. அடுத்த முறை எழுதித் தீர்க்க வேண்டிய கடன், அவ்வளவே. கடனை மறைப்பவனே அழிகிறான். ஒப்புக்கொண்டு சிறுகச் சிறுக அடைப்பவன் தலைநிமிர்கிறான்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. கடைசி மணி நேரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தோருக்கும் முழுக் கூலி கொடுத்த தலைவனைப் பற்றிய உவமையை நீங்கள் அறிவீர்கள். பல்கலைக்கழகம் அத்தகைய தலைவன் அன்று. எழுதிய விடைக்கே மதிப்பெண் தரும். ஆனால் தாயும் தந்தையும் அத்தலைவனைப் போல் இருக்கலாம். தாமதமாகச் சேர்ந்த பிள்ளையை முதற் பருவத்து மதிப்பெண்ணைக் கொண்டு அளந்துவிடாதீர்கள். "உனக்காக நகையை வைத்தோமே" என்று நாள்தோறும் நினைவூட்டாதீர்கள். தச்சரின் மகன் வீட்டுக்கு உண்மையைச் சொல்லாமைக்கு அந்தச் சங்கிலியே காரணம். "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதை விட்டு, "இந்த வாரம் யாரிடம் என்ன கேட்டாய்?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இக்கேள்வியைக் கேட்கலாம்.

அம்மாணவன் என்ன ஆனான் என்று அன்பர்கள் வினவக்கூடும். அன்றே அவனை அழைத்துக்கொண்டு துறைத் தலைவரைச் சென்று கண்டோம். அவர் பொறுமையாகக் கணக்கிட்டுப் பார்த்தார். அப்பருவத்தைக் காக்க வழியில்லை, காலம் கடந்துவிட்டது. மறு ஆண்டு அதையே மீண்டும் படித்தான். ஓராண்டும், அதற்குரிய கட்டணமும் போயின, சங்கிலியும் மீளவில்லை. கணிதத்தை மூன்றாம் முறை எழுதித் தேறினான். சனிக்கிழமைகளில் மட்டும் பட்டறைக்குச் சென்று கைச்செலவுக்குச் சம்பாதித்தான். பட்டம் பெற்று, இன்று ஒரு தொழிற்சாலையில் பணி செய்கிறான். நன்மையாக முடிந்தது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும், ஆடி மாதத்தில் கால்மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருந்தால், அவனுக்கு அந்த ஓராண்டும் அவன் தாய்க்கு அந்தக் கண்ணீரும் மிஞ்சியிருக்குமே என்னும் வருத்தம் நம்மை விட்டு நீங்கவில்லை.

அதற்குப் பின்னர் நம் பங்கில் ஒரு சிறு வழக்கத்தை ஏற்படுத்தினோம். கல்லூரி திறக்கும் முன், ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், நடுவில் சேரவிருக்கும் பிள்ளைகளையும் முன்னர் அவ்வாறு சேர்ந்து படித்தோரையும் பங்கு மண்டபத்தில் அமர்த்துவோம். நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களே பேசிக்கொள்வர். பழைய குறிப்பேடுகள் கைமாறும். கைபேசி எண்கள் கைமாறும். செலவு தேநீருக்கு மட்டுமே. எந்தப் பங்கிலும் இதனைச் செய்யலாம்.

அவ்வாறு வந்தமர்ந்தவருள் ஒரு கொத்தனாரின் மகளும் ஒருத்தி. கட்டடவியல் பட்டயம் முடித்தவள். சேர்ந்த மூன்றாம் நாள், கணித ஆசிரியர் "இது முன்பே தெரியும் அல்லவா?" என்று கேட்டபோது, "எனக்குத் தெரியாது சார், நான் பாலிடெக்னிக்கிலிருந்து வந்திருக்கிறேன்" என்று எழுந்து சொன்னாளாம். வகுப்பில் நேரடியாகச் சேர்ந்த மற்ற நால்வரும் அதன்பின் எழுந்து, தங்களுக்கும் தெரியாது என்றனராம். ஆசிரியர் அவ்வாரம் முதல் மாலையில் அரைமணி நேரம் அவர்களுக்கெனத் தனியே ஒதுக்கினார்.

இவ்வாண்டுக் கூட்டத்தில் அவளே முன்வரிசையில் அமர்ந்து புதியவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவளருகே, தச்சரின் மகன் தன் பழைய கணிதக் குறிப்பேட்டை ஒரு சிறுவனிடம் நீட்டி, "புரியலைன்னா அன்னைக்கே கேட்டுடு தம்பி" என்றான். நாம் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டபடியால், நாம் தேநீர் எடுத்துவரச் சென்றோம்.